சங்கரலிங்கம் சார் சொன்ன அளவுகள்

சங்கரலிங்கம் சார் காலமான செய்தி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், காபிக்கொட்டை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது கிடைத்தது. பழைய அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். மாரடைப்பாம், முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டதாம். கடை வாசலிலேயே அழுதேன். பஸ்ஸில் திரும்பும்போது கோபம் வந்தது. நம் டில்லித் தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அழுகை, கோபம் இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் எழுத முடியும்.

ஒரு பிரசுர நிலையத்தின் பக்க வடிவமைப்புப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர் தமிழர்கள். ஒரே பதவி, வயதில் மூத்தவர் என்பதால் அவரை சார் என்பேன். கையெழுத்துப் பிரதி வந்தால் அது எத்தனை பக்கம் வரும், வரி எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். அச்சகத்தில் எழுத்தையும் வரியையும் அளப்பது பாயிண்டில்; பன்னிரண்டு பாயிண்ட் ஒரு பைக்கா, ஏறக்குறைய ஆறு பைக்கா ஓர் அங்குலம். முதல் நாளே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். "நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்கம்மா. ரெண்டையும் ஒருத்தரே செஞ்சா தப்பு கண்ணுல படாது." நியாயமாகத்தான் பட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி அளவுகளைச் சொல்லிக்கொண்டே போவார். நான் மாதிரித் தாளில் நீலப் பென்சிலால் குறிப்பேன்.

கணக்கில் அவர் புலி என்பதை மறுக்கமாட்டேன். நம் சங்க மலருக்கு ஒரு முறை விளம்பரக்காரர் சென்டிமீட்டரில் அளவு கொடுத்தார், படத்தை அச்சிட பிளாக் செய்பவர் அங்குலத்தில் கேட்டார், அச்சகம் பைக்காவில் கேட்டது. லக்ஷ்மிபாய் நகர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மூன்றையும் மாற்றிச் சொன்னார். டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன். அந்த மலரை அழகாக இருக்கிறதென்று நீங்கள் எல்லோருமே பாராட்டினீர்கள்.

பிறகு அந்தப் பெரிய புத்தகம் வந்தது. மந்திரி வெளியிடுவதாக இருந்தது. ஓக்லாவில் ஓர் அச்சகத்தில் புதிதாக ஐரோப்பாவிலிருந்து, எழுத்துகளைப் படமாகவே கோத்துத் தரும் போட்டோ கம்போசிங் மெஷின் இறக்கியிருந்தார்கள். வேலை அங்கே போனது. மெஷினைப் போய்ப் பார்த்து வந்தவர் சார்தான். அந்த நாடுகளில் பாயிண்ட் கொஞ்சம் பெரியது என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொல்லி, நம் அளவுகளை மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். சிரித்தார்.

"பாயிண்ட் எந்த ஊர்லயும் பாயிண்டுதாம்மா. என்னத்துக்குக் கவலப்படுதிய? எழுதுங்க."

எழுதினேன். அவர்களுடைய பதினான்கு பாயிண்ட் நம்முடைய பதினைந்துக்குச் சமம். வந்து இறங்கிய பக்கங்கள் ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தன. வரிகள் ஓரத்தைத் தின்றுவிட்டன. முழுப் புத்தகத்தையும் மறுபடி கோக்க வேண்டியிருந்தது. வெளியீட்டு விழா தள்ளிப்போனது.

டைரக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார். மாதிரித் தாளை மேஜைமேல் போட்டு, இது யார் எழுதியது என்று இந்தியில் கேட்டார். நான் சாரைப் பார்த்தேன். நடந்ததை அவர் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அப்படித்தான் நம்பினேன், பைத்தியக்காரி. அவர் தாளைக் கையில் எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"லிக்கா தோ இன்ஹோனே ஹை, சாப்," என்றார். எழுதியது இவர்தான்.

அது பொய்யில்லை. அதுதான் இன்றுவரை எரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குப் பொய்கூடத் தேவைப்படவில்லை. அவர் சொன்னதை எழுதினேன் என்று நான் சொன்னபோது டைரக்டர், தப்பு செய்பவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று கையை வீசினார். சார் தாளை மறுபடி மேஜைமேல் வைத்தார். எனக்கு வரவிருந்த உதவி ஆசிரியர் பதவி அவருக்குப் போனது. நான் டெஸ்பாட்ச் பிரிவில் பார்சல்களுக்கு விலாசம் ஒட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவியை அக்கா என்பேன்; அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்த அல்வாவைக் கொடுத்தார். சார் என் மகள் படிப்பை விசாரித்தார், டில்லிக் குளிரைத் திட்டினார், காபியைப் புகழ்ந்தார். அவர்கள் படியிறங்கும்வரை ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பிறகும் கல்யாணங்களில், சங்கக் கூட்டங்களில், அவர் ஓய்வுபெற்ற விருந்தில், ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். டைரக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்படவில்லை. என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் போதும்.

இரங்கல் கூட்டத்தில் அவரைத் தவறே செய்யாதவர் என்று பேசினீர்கள். புதிதாக வந்தவர்களிடம், "எந்த மெஷின்னாலும் அது யாரு பாயிண்டுன்னு மொதல்ல கேளுங்க" என்று அவர் எச்சரிப்பாராம், அதையும் சொல்லிப் புகழ்ந்தீர்கள். ஆக, தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

அக்கா இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: யாராவது அளவு சொன்னால் என் கை உடனே பென்சிலை எடுப்பதில்லை. முதலில் நானே கணக்குப் போடுகிறேன். எவ்வளவு வேண்டியவர் சொன்னாலும் சரி. மகள் பால் கணக்கு சொன்னால்கூட அப்படித்தான் செய்கிறேன். அவளுக்கு அது வருத்தம்.