மூலையில் இருந்த பெயர்

எங்கள் சிம்மக்கல் வீட்டில் எனக்கும் என் கொழுந்தனார் செந்திலுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். ஆளுக்கொரு பிரவுசர் வைத்திருந்தாலும், வேலை தேடும் தளம் இருவருக்கும் ஒன்றுதான். "ஒரே வீட்டுக்குள்ள லாக் அவுட் எதுக்கு மதினி?" என்பார், கம்ப்யூட்டர் படித்த செந்தில்.

பரவையில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து, கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் ஆப்பில் எனக்கு மெயில் வந்தது. அதிலிருந்த லிங்க்கைத் திறந்து, மதியத்துக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். திறந்து, 'அனுப்பு' பட்டனுக்குப் போனவள் திரையின் மூலையைப் பார்த்தேன். "வணக்கம், செந்தில்" என்றிருந்தது. லிங்க் அவருடைய பிரவுசரில், அவருடைய கணக்கில் திறந்திருந்தது. அழுத்தியிருந்தால் பெண்கள் பள்ளிக்கு மீசை வைத்த போட்டோவோடு அவர் விண்ணப்பம் போயிருக்கும்.

செந்திலுக்குப் போன் செய்தேன். "அது அப்படித்தான் திறக்கும் மதினி. சாயந்தரம் வந்து பாக்குறேன்."

சாயந்தரம் வரை நேரமில்லை. செட்டிங்ஸுக்குள் நானே நுழைந்து, ஒவ்வொன்றாகப் படித்து, லிங்க்குகள் என் பிரவுசரில் திறக்கும்படி மாற்றினேன். மறுபடி அழுத்தினேன். மூலையில் என் பெயர் வந்தது. அனுப்பினேன்.

இப்போது வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கும்போது லாக் அவுட் செய்கிறோம். மூலையில் பெயரைப் பார்க்காமல் நான் எந்தப் பட்டனையும் தொடுவதில்லை.

போன வாரம் செந்தில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார். "மதினி, இங்கயும் லிங்க்கெல்லாம் வேற பிரவுசர்ல திறக்குது. அன்னைக்கு அத எங்க போயி மாத்துனீங்க?"

"இடைவேளை முடியப் போகுது. சீக்கிரம் எழுதிக்கங்க தம்பி" என்றேன், பரவைப் பள்ளியின் ஆசிரியர் அறையிலிருந்து.