பாறைக்குள் தட்டிய பேய்

சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒருநாள் அடியில் களி உருண்டையைப் பிரித்தபோது, பாறைக்குள் யாரோ தட்டினார்கள். டொக், டொக்.

"முனி!" என்று அலறி எழுந்தேன். பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த, எங்களை மேய்க்கும் வெள்ளைக்காரத் துரையும் முகம் வெளிறி எழுந்தார். கையில் இருந்த சாப்பாட்டோடு இருவரும் ஓடினோம். உட்கார்ந்திருந்த இடத்தில் கூரைப்பாறை தடாலென்று விழுந்தது.

மூச்சு வந்ததும் துரை தன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து இருட்டில் எறிந்தார்.

"இன்னா தொரை இது?"

"எங்க ஊர் மைன்ல குட்டிப் பேய் இருக்கு. தட்டும். அதுக்குச் சாப்பாடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் முனிக்கென்று களியைக் கிள்ளி அதன் பக்கத்திலேயே வைத்தேன்.

பாறை சரியும் முன் நெரிபட்டுச் சத்தம் போடும் என்கிறார்கள். இருக்கட்டும். இன்றும் என் முதல் கவளம் அங்கேதான் போகிறது. ஓடச் சொன்னவர் பட்டினி கிடக்கலாமா?