நண்டு மேல் போட்ட பழி

கொடுவா மீனுக்கும் நண்டுக்கும் உள்ள உறவை எங்கள் ஊர்ப் பெண்கள் சம்பந்தி உறவு என்பார்கள். நண்டு குஞ்சாக இருக்கும்போது கொடுவா அதை விழுங்கும். அதே கொடுவா வலையில் மாட்டித் துடிக்கும்போது பெரிய நண்டு வந்து அதன் வயிற்றைக் கிழிக்கும். "இந்த வாட்டி உன் வீட்ல விருந்து, அடுத்த வாட்டி என் வீட்ல" என்று சிரிப்பார்கள். நண்டு தன் இனத்தையும் விடாது. தோல் கழற்றிய நண்டின் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். ஓடு இறுகுவதற்குள் மற்றவை அதைத் தின்றுவிடும்.

இது தெரிந்துதான் நானும் தம்பியும் எங்கள் பசியாவரத் தீவில் பழவேற்காடு ஏரியோரம் வலை அடைத்து நண்டு விட்டோம். மெலிந்த நண்டுகளைப் பொடிமீன் போட்டுத் தேற்றி விற்பது திட்டம். காலையில் தீனி நான், சாயங்காலம் அவன். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறார். தம்பிக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. இனி ஊர் ஊராக அலையாமல் என் பக்கத்திலேயே இருப்பான் என்பதுதான் எனக்கு அந்த அடைப்பு.

நண்டுகள் குறைய ஆரம்பித்தன.

"ஒண்ண ஒண்ணு தின்னுதுக்கா. தோல் கழட்டினா உடுமா?" என்றான்.

நம்பினேன். தோல் கழற்றியவை ஒளிந்துகொள்ளட்டும் என்று உடைந்த பானைகளை இறக்கினேன். தீனியைக் கூட்டினேன். "இதான்க்கா தாதா" என்று ஒரு பெரிய நண்டைக் கைகாட்டினான். அதன் கொடுக்கைக் கட்டித் தனிக் கூடையில் போட்டேன். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைத் திட்டினேன். "இன்னாக்கா, ஜாமீன் உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

தின்ற இடத்தில் முதுகு ஓடோ கொடுக்குத் துண்டோ கிடக்க வேண்டும். ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "ஓட்டையும் சேத்துத் தின்னுடும்க்கா" என்றான். கழற்றிப் போட்ட ஓட்டை நண்டு தின்பதை நானே பார்த்திருக்கிறேன். பாதி நிஜமாக இருந்ததால் மீதியையும் விழுங்கிக்கொண்டேன்.

பழவேற்காட்டில் நண்டு வாங்கும் பாய் கடைக்கு ஒருநாள் விலை விசாரிக்கப் போனேன். நாங்கள் அதுவரை ஒரு நண்டுகூட விற்கவில்லை. "இன்னாம்மா, உன் தம்பி கொண்டாற நண்டு மாதிரி சதைப்பிடிப்பு வேற யார்கிட்டயும் இல்ல. இந்த வாரம் ஏன் ஆளக் காணோம்?" என்றார் பாய், பாராட்டாகத்தான். நானும் சிரித்து வைத்தேன்.

படகில் திரும்பும்போது கோபம் வந்தது. நண்டுகள் போனதற்காக இல்லை. அவன் பொய்யை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது என் வாய். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கூடை நண்டின் கட்டை அவிழ்த்து அடைப்பில் விட்டேன்.

சாயங்காலம் தம்பி பொடிமீன் வாளியோடு வந்தான்.

"பாய் உன்ன விசாரிச்சாரு. நல்ல சதைப்பிடிப்பு நண்டாமே?"

வாளியைக் கீழே வைத்தான்.

"என்னக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"தெரியும்க்கா. குடுத்திருப்ப. குடுத்துட்டு, என் தம்பிக்கு நான்தான் சோறு போடறேன்னு தெருத்தெருவா சொல்லிருப்ப."

திரும்பிப் பார்க்காமல் போனான். வாளியில் மீன் அப்படியே இருந்தது. அன்றைக்குத் தீனியை நானே போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வேளையும் நான்தான்.

"உன் தம்பி எங்கம்மா, கண்ணுலயே படல?" என்று கேட்கிறார்கள். வேலைக்குப் போயிருக்கிறான் என்கிறேன். இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.