எரிபொருள் என்று நினைத்த ஈரம்

பேன்ட் நனைந்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். எரிபொருள் கசிகிறது என்று பயந்து, தொட்டு முகர்ந்தேன். சிறுநீர். எப்போது போனேன் என்றே தெரியவில்லை. முதுகுவலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வெளிமாநிலத்தில் ஹெலிகாப்டர் ஓட்டப் பயின்றுகொண்டிருந்தேன். அன்று தாழ்வாகப் பறந்தபோது இன்ஜின் சக்தி இழந்தது. உயரம் இருந்தால், மேலே உள்ள விசிறி காற்றிலேயே சுழன்று வண்டியை ஓரளவு மெதுவாக இறக்கிவிடும். எங்களுக்கு உயரம் இல்லை. பயிற்சியாளர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு ஒரு சோளக்காட்டை நோக்கித் திருப்பினார். தரையில் மோதினோம். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது, எனக்கு முதுகெலும்பு.

நொறுங்கிய எலும்பு தண்டுவடத்தை (மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் நரம்புக்கற்றை) அழுத்திவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து செய்த அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் சொன்னார்: "கால்ல பலம் திரும்பறதுக்கு வாய்ப்பு இருக்குதுங்க. யூரின் தானாப் போறதைப் பத்தி இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

எங்கள் ஊரான நல்லூரில் வீடு மாடியில். கீழே அப்பாவின் பனியன் தையல் யூனிட். என்னைத் தூக்கிவந்து முன்னறையில் படுக்கவைத்தார்கள். கட்டிலோரம் கதீட்டரின் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) பை தொங்கியது. அதன் மஞ்சள் நிறமும், புளித்த வாடையும் எனக்குக் குமட்டலைத் தந்தன. சோற்றைக் கண்டாலும் அந்த வாடைதான் வந்தது.

பார்க்க வந்தவர்கள் அதைவிட மோசம். கேமரா வைத்த செல்போன் ஊருக்குப் புதிதாக வந்திருந்த நேரம். உறவுக்காரர் ஒருவர் போர்வையை விலக்கி, "இதுதானா அந்தப் பை?" என்று படம் எடுத்தார். பிறகு, "எவ்வளவு ஒசரத்துல இருந்து உழுந்தே கண்ணு?" என்று கேட்டபடி என் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துத் தின்றார். என்னால் அவரை அடிக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

அன்று மாலை படுக்கையிலேயே மலம் போய்விட்டது. நாற்றம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. என் மனைவி கவிதா, கீழிருந்து பனியன் வேஸ்ட் துணியை அள்ளிவந்து துடைத்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"உனக்கு அருவருப்பா இல்லையா?"

"இருக்குதுங்க. இல்லைன்னு பொய் சொல்லோணுங்களா? மூச்சைப் புடிச்சுட்டுத்தான் தொடைக்கறேன். அதுக்காக நீங்க நாறிட்டே கெடக்கோணுமா? அந்தப் பக்கம் திரும்புங்க."

அதுவரை எல்லோரும் "இதுல என்ன இருக்குது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்தான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது என்பது அப்போது புரிந்தது. முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து, வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "தூங்கறாருங்க" என்று அனுப்பிவைத்தாள்.

கட்டிலில் உட்காரப் பழக்கிய நாள்களில், ஒருநாள் உணர்வற்றிருந்த பாதத்தைத் தரையில் வைத்தபோது மெல்லிய அதிர்வு தெரிந்தது. கீழே ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கவிதாவைக் கூப்பிட்டேன். அவள் ஓடிப்போய் மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். அதிர்வு நின்றது. மறுபடி ஓட்டச் சொன்னாள். வந்தது.

கால்கள் மெல்லத் திரும்பின. ஊன்றுகோலுடன் நடக்கிறேன். சிறுநீர்ப்பை மட்டும் திரும்பவில்லை. நானே குழாய் நுழைத்துச் சிறுநீரை எடுக்க மருத்துவர் கற்றுக்கொடுத்தார். முதல் தடவை வாந்தி எடுத்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அருவருப்பு போகும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குப் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே கையைக் கழுவிக் குழாயை எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

முட்டிக்கொண்டு வருவது என்ற உணர்வே இப்போது எனக்கு இல்லை. கடிகாரம் சொன்னால் எழுகிறேன். கல்யாண மண்டபத்தில் பாதிப் பந்தியில் இலையை மூடிவிட்டுப் போகிறேன். கதவைத் தாழிட்டு, குழாயை நுழைத்து, காதைக் கொடுத்துக் காத்திருக்கிறேன். உடம்புக்குள் ஒன்றும் தெரியாது. விழுகிற சத்தம் நின்றால், முடிந்தது என்று பொருள்.