கூடுதலாக ஒரு பொட்டலம்

வெள்ளி நிறப் பையின் வாயை இயந்திரத்தில் ஒட்டி எடுத்ததும், சீல் அக்கா அதைக் காதோரம் கொண்டுபோய் மெல்ல அமுக்குகிறார். உஸ்ஸென்று காற்று கசிந்தால் பை மறுபடியும் மேசைக்கு வரும். கசியாவிட்டால், "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிப் பெட்டிக்குள் படுக்க வைக்கிறார். உள்ளே இருப்பது ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்கான மின்னணுப் பலகை. அது திரும்பி வந்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று சொன்னால், "அதுக்காக, போன்னு ஒரேயடியா சொல்லிட முடியுமா?" என்பார்.

அந்த அறையில் வளையல் கூடாது, ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாது. உடம்பில் சேரும் மின்சாரம் பலகையைக் கெடுக்காமலிருக்க, மணிக்கட்டில் கம்பி இணைத்த பட்டை ஒன்று மாட்ட வேண்டும். "கட்டிப் போட்டுத்தான் என்கிட்ட வேலை வாங்குறாங்க" என்று சிரிப்பார்.

ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு ‘வட்டாரப் பொருளாதார ஒருங்கிணைப்பு’ என்று நான் வாய் வலிக்கச் சொல்வதை அக்கா சுலபமாகச் சொல்லிவிடுவார். "முன்னாடி ஒவ்வொரு நாட்டு வாசல்லயும் பையைக் கிழிச்சுப் பாத்தாங்க. இப்ப அக்கம்பக்கத்து நாடெல்லாம் கூடிப் பேசி, ஒருத்தர் பாத்தா போதும்னுட்டாங்க."

கிழித்த பையில் ஈரம் ஏறி, பலகைகள் கெட்டு, வாங்குகிறவர்கள் எங்களைக் கைகழுவிய காலம் அது. தொழிற்சாலை பாதி மூடிக் கிடந்தது. அக்காவின் மகள் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டு வீட்டில் இருந்தாள். ஒப்பந்தம் வந்த பிறகு சிப் ஓர் அண்டை நாட்டிலிருந்து வரியில்லாமல் வருகிறது, பலகை இங்கே உருவாகிறது, இன்னொரு நாட்டில் அது கருவியாகிறது. உயர் தொழில்நுட்ப ஏற்றுமதி கூடியதால் நாடு வளர்ந்தது என்று நான் அறிக்கை எழுதுகிறேன். மகள் மறுபடியும் கல்லூரிக்குப் போனதுதான் அக்காவுக்கு வளர்ச்சி. எனக்கும் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. அந்த ஒப்பந்தத்தைப் போட்ட, முகம் தெரியாத மகராசர்களுக்கு நானும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு மனசுக்குள் சொன்னால் போதவில்லை. ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றைத்தான் ஒவ்வொரு பையிலும் போட வேண்டும். அவர் சத்தமில்லாமல் இரண்டு போட்டார். எல்லையில் பெட்டிகளைத் தராசில் வைத்தபோது, எடை தாளில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தது. உள்ளே எதையோ ஒளித்து அனுப்புகிறோம் என்று சந்தேகப்பட்டு, பழையபடி எல்லாப் பைகளையும் கிழித்துவிட்டார்கள். அடுத்த லாரியும் மாட்டினால் ஆர்டர் வேறு தொழிற்சாலைக்குப் போய்விடும் என்று வாங்குகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

யார் செய்த வேலை இது என்று மேலாளர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார். "நான்தான் சார். அவ்வளவு தூரம் போற பிள்ளைங்க, வழியில மழை கிழை வந்தா என்ன பண்ணும்? ஒண்ணு கூட இருக்கட்டுமேன்னு போட்டேன்."

மேலாளர் கோபப்படத்தான் எழுந்தார். "உங்க அன்பையும் சேத்து எடை போட தராசுக்குத் தெரியலையேம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அடுத்த லாரிக்கான பைகளையும் அக்காவையே ஒட்டச் சொன்னார்.

"பொண்ணுக்கு இது கடைசி வருஷம் தம்பி. என் கையாலயே அவ படிப்புல மண்ணைப் போட்டுட்டேனோ?" என்று என்னிடம் மட்டும் அழுதார்.

லாரி எல்லையை அடைந்த அன்று, சாப்பாட்டு இடைவேளையில் என் மேசையருகே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஓட்டுநர் அழைத்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எடை சரியா இருக்குண்ணே. ஒரு பையைக்கூடத் தொடல. தாண்டிட்டோம்."

ஓட்டுநர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்க, அக்கா என் போனை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.