சாத்தாத கதவு

அறுபதுகளின் தொடக்கத்தில் செங்கோட்டையில் ஒரு பழைய லாரி விலைக்கு வந்தது. பிறத்தியாருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பி டிரைவர், நான் முதலாளி என்று முடிவுகட்டி, இருவரும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மலையேறித் திரும்புகையில், புளியரை இறக்கத்துக்கு முன்னால் தம்பி நிறுத்தினான். மடியிலிருந்து கயிறு எடுத்து, தன் பக்கத்துக் கதவைத் திறந்தபடியே கட்டினான்.

“ஏலே, கதவைச் சாத்து!”

“பிரேக் பிடிக்கலைன்னா குதிக்கணும்லாண்ணே. மலையில எப்பவும் இப்படித்தான் ஓட்டுதேன்.”

இத்தனை வருஷமும் இப்படித்தான் வீடு வந்து சேர்ந்தானா?

செங்கோட்டையில் இறங்கியதும், “வாங்கிருவோமாண்ணே?” என்றான் ஆசையாக.

“வேண்டாம்லே.”

தம்பியைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். மறுநாள் காலை, பழைய முதலாளியின் லாரிக்கு அவன் கிளம்பினான். தோளில் அந்தக் கயிறு கிடந்தது.