கொலோனுக்குப் போகும் தண்ணீர்

ஜெர்மனியின் ஐஃபெல் காட்டோரம் காரை நிறுத்துகிறோம். ரோமர்கள் கொலோன் நகருக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன கல் வாய்க்கால் இங்கே மண்ணுக்கு வெளியே தெரிகிறது. காரோட்டி வந்த சிவம் அண்ணை ஐம்பது வயதில் குழாய் வேலை படிக்கிறவர். முழந்தாளிட்டு, வாய்க்கால் தரையில் ரசமட்டத்தை வைக்கிறார். குமிழ் நடுவிலேயே நிற்கிறது.

“சரிவே இல்லையே அண்ணை?”

“இதை நம்ப ஏலாது. உங்கட தண்ணிப் போத்தலைத் தாங்கோ.”

ஊற்றுகிறார். தண்ணீர் சற்று யோசிக்கிறது; பிறகு கொலோன் பக்கமாக மெல்ல நகர்கிறது.

“போன சோதினையில நான் பூட்டின குழாயில தண்ணி தேங்கி நிண்டிட்டுது. நாளைக்குத் திரும்பவும் சோதினை.”

சந்தேகம் தீராமல் மிச்சத்தையும் ஊற்றுகிறார். அதுவும் ஓடுகிறது. வெயிலில் எனக்குத் தொண்டை வறள்கிறது. வெறும் போத்தலை நீட்டுகிறார்.

“இனிக் கொலோனுக்குப் போய்த்தான் குடிக்கவேணும்.”